கப்பல் ஏறப் போற விமானத்துல கைப்பையில என்ன வைக்கணும்?

(பேசின எபிசோடோட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த "ஆக்சுவலி"களையும் நடுவுல கேட்ட பால்காரர் ஹாரனையும் எடுத்தாச்சு. மத்தது அப்படியே.)

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "ப்ரோ, நாங்க நாலு பேர் சிங்கப்பூர்ல இருந்து குரூஸ் புக் பண்ணியிருக்கோம். யூட்யூப்ல பத்து பேக்கிங் வீடியோ பார்த்துட்டேன். எல்லாருமே 'செக்-இன் பண்ணாதீங்க, எல்லாத்தையும் கேபின் பேக்லயே அடைச்சுக்கோங்க'ன்னு சொல்றாங்க. 7 கிலோவுல அது எப்படி ப்ரோ முடியும்?"

முடியாது. அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் எடுத்தது. அவங்க ஊருக்குள்ள மயாமிக்குப் பறந்து அங்க கப்பல் ஏறுறாங்க. அங்க பெரிய ஏர்லைன்கள் உள்நாட்டு விமானத்துல கைப்பையோட அளவைத்தான் பார்க்குறாங்க, எடைக்கு வரம்பு வைக்கிறதில்லை. நமக்கு எக்கானமியில பெரும்பாலும் 7 கிலோ. ஸ்கூட் மாதிரி சிலர் 10 கிலோ தர்றாங்க, ஆனா அது சின்னப் பையையும் சேர்த்து. சக்கரம் வச்ச காலி ட்ராலியே இரண்டரை, மூணு கிலோ வரும். நெட்வொர்க்கிங் படிச்சவங்களுக்குப் புரியும், ஹெடரே பாதி பாக்கெட்டைத் தின்னுடுது. மிச்சம் நாலு கிலோவுல நாலு நாளைக்கான துணி, செருப்பு, சாயங்காலம் போடுற நல்ல டிரஸ், அப்பாவோட மருந்து எல்லாம் அடங்காது. பெரிய பெட்டி கொண்டுபோயே ஆகணும். அப்போ அந்த நாலு கிலோவுல எது போகணும்ங்கறதுதான் இன்னிக்கு எபிசோட்.

நம்ம ஊர்ல குரூஸ்னாலே எல்லாருக்கும் கார்டிலியா கப்பல் கதைதான் ஞாபகம் வரும். 2022 ஜூன்ல சென்னையில இருந்து கிளம்பின அந்தக் கப்பலுக்குப் புதுச்சேரியில அனுமதி கிடைக்கலை. சூதாட்டம் வந்துடும்னு எதிர்ப்பு. அப்புறம் 2025 ஜூலையில வந்தது. நடுக்கடல்ல நிறுத்தி, பயணிகளைப் படகுல கரைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா அது நம்ம ஊரைச் சுத்திப் பார்க்க வந்த கப்பல். நாம ஏறணும்னா வேற ஊருக்குத்தான் போகணும். ஈசிஆர் வழியா சென்னை போய் அங்கேயே கப்பல் ஏறினா விமானமே வேண்டாம், இந்த எபிசோடும் வேண்டாம். ஆனா மும்பை, கொச்சி, சிங்கப்பூர்னு போறவங்க முதல்ல பறக்கணும்.

லாஸ்பேட்டை விமான நிலையத்துல இருந்து கிளம்பறவங்களுக்கு ஒரு விஷயம். 2024 டிசம்பர்ல இருந்து இங்க இண்டிகோவோட ஏடிஆர் விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகுது. ஏடிஆர் சின்ன விமானம், தலைக்கு மேல இருக்கிற பெட்டியும் சின்னது. அளவுக்குள்ள இருக்கிற ட்ராலிகூட அதுல நுழையாம, படிக்கட்டுகிட்டயே வாங்கி கீழே சரக்கறையில போடுறது நடக்கும். பெரிய விமானத்துலயும் கூட்டம் அதிகமானா, கேட்லயே சீட்டு கட்டி வாங்கிப்பாங்க. உங்க கைப்பை கடைசி வரைக்கும் உங்க கையில இருக்கும்ங்கறதுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இதை எந்த பேக்கிங் வீடியோவும் எனக்குச் சொல்லலை. பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

அம்மா, அப்பா, நான், தங்கச்சி. ராத்திரி சென்னையில இருந்து சிங்கப்பூர், மறுநாள் மதியம் கப்பல். எந்த ஏர்லைன்னு சொல்லப் போறதில்லை, அவங்க மேல தப்பும் இல்லை. கேட்ல "ஃப்ளைட் ஃபுல், ட்ராலி எல்லாம் கீழே போகுது"ன்னாங்க. கொடுத்துட்டு ஏரோபிரிட்ஜ்ல பாதி தூரம் போனப்புறம்தான் உறைச்சுது. அப்பாவோட இன்சுலின் அதுக்குள்ள. என் பவர் பேங்க்கும் அதுக்குள்ள. திரும்பி ஓடி, பின்னாடி வரிசை மொத்தமும் முறைக்க, தரையில உட்கார்ந்து பெட்டியைத் திறந்து எடுத்தேன்.

இந்த ரெண்டும் ஏன் கீழே போகக் கூடாதுன்னு பார்ப்போம்.

பவர் பேங்க் லித்தியம் பேட்டரி. உள்ள ஒரு செல் கெட்டுப்போய் சூடாக ஆரம்பிச்சா, அந்தச் சூடே பக்கத்து செல்லைப் பத்த வைக்கும். சரக்கறையில இருக்கிற தீயணைப்பு வாயு சுவாலையை அமுக்கும், ஆனா செல்லுக்குள்ள ஓடுற அந்த வேதிவினையை நிறுத்தாது. மேல கேபின்ல நடந்தா, பணிப்பெண் தண்ணி ஊத்தி ஊத்திக் குளிர வைக்கலாம். ஆள் பார்க்கிற இடத்துல இருக்கணும், அதுதான் விதியோட அடிப்படை. 2025 ஜனவரியில தென்கொரியாவோட பூசான்ல, ஏர் பூசான் விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி தீப்பிடிச்சது. மேல பெட்டிக்குள்ள இருந்த பவர் பேங்க் மேல சந்தேகம் விழுந்தது. அதுக்கப்புறம் பல ஏர்லைன்கள் இறுக்கிட்டாங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1-ல இருந்து விமானத்துக்குள்ள பவர் பேங்க்கைப் பயன்படுத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எடுத்துட்டுப் போகலாம், சும்மா வச்சிருக்கலாம். ஏர்லைனுக்கு ஏர்லைன் இது மாறிட்டே இருக்கு, கிளம்பற வாரம் ஒரு தடவை அவங்க பக்கத்தைப் பாருங்க.

அளவு 100 வாட்-அவர் வரைக்கும். நம்ம பவர் பேங்க் மேல போட்டிருக்கிறது எம்ஏஎச். அதை 3.7 வோல்ட்டால பெருக்கி 1000-ஆல வகுத்தா வாட்-அவர் வரும். 20,000 எம்ஏஎச்னா 74. பிரச்சினை இல்லை. 27,000 வரைக்கும் தாங்கும். 30,000-னா 111, அதுக்கு ஏர்லைன் அனுமதி வாங்கணும். ஞாயிறு சந்தையில 50,000 எம்ஏஎச்னு போட்டு விக்கிற சமாச்சாரம் உண்மையில அவ்வளவு இருக்காது. ஆனா செக்யூரிட்டி அதிகாரி ஸ்டிக்கரைத்தான் படிப்பார். பொய்யான ஸ்டிக்கருக்கு உண்மையான பவர் பேங்க் பறிபோகும்.

இன்சுலின் கதை வேற. சரக்கறையில குளிர் எவ்வளவு இறங்கும்னு நம்ம கையில இல்லை. ஒரு தடவை உறைஞ்சுட்டா இன்சுலின் வேலைக்கு ஆகாது, கரைஞ்சப்புறம் பார்க்க நல்லா இருந்தாலும் சரி. அதனால எப்பவும் மேலதான். டாக்டர் சீட்டோட, மருந்தக லேபிளோட இருக்கட்டும். திரவங்களுக்கான 100 மில்லி விதியில இருந்து மருந்துக்கு விலக்கு உண்டு, ஆனா ஸ்கேனர்கிட்ட நீங்களே முதல்ல எடுத்துச் சொல்றது நல்லது. ஊசியும் அதோடயே.

சரி, ஒரு தடவை பட்டாச்சு, புத்தி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க. இல்லை. சிங்கப்பூர் இறங்கி, பெட்டி எல்லாம் எடுத்து, "கையில எதுக்குத் தனியா"ன்னு அந்த இன்சுலின் பையைத் திரும்ப ட்ராலிக்குள்ளயே வச்சேன். மரீனா பே குரூஸ் சென்டர் வாசல்ல போர்ட்டர் வந்து "லக்கேஜ்?"னார். நாலு பெட்டியையும் சந்தோஷமா கொடுத்துட்டேன்.

இங்கதான் கப்பல் விமானத்துல இருந்து வேறுபடுது. விமானத்துல இறங்கினதும் பெல்ட்ல பெட்டி வந்துடும். கப்பல் வாசல்ல கொடுக்கிற பெட்டி, ஆயிரக்கணக்கான பெட்டிகளோட எக்ஸ்ரேவுக்குப் போய், மாடி வாரியா பிரிஞ்சு, உங்க அறை வாசலுக்கு வர்றதுக்கு மணிக்கணக்கா ஆகும். மதியம் 1 மணிக்குக் கொடுத்தது சாயங்காலம் 6-க்கும் வரலாம், ராத்திரி 9-க்கும் வரலாம். அதுவரைக்கும் நீங்க கையில வச்சிருக்கிறதுதான் உங்க உடைமை. பாஸ்போர்ட்டை அந்தப் பெட்டியில போட்டுட்டு நின்னா கப்பல் ஏறவே முடியாது. டெர்மினல்ல அந்த மாதிரி ஒரு குடும்பம் நிக்கிறதைப் பார்த்தேன், பாவமா இருந்தது. நீச்சல்குளத்துல முதல் நாள் மதியமே இறங்கறவங்க எல்லாம் நீச்சல் டிரஸ்ஸைக் கைப்பையில வச்சிருந்தவங்க. மத்தவங்க ஜீன்ஸ் போட்டுகிட்டு வேடிக்கை பார்ப்பாங்க. நான் உட்பட.

அப்பா 7:30-க்கு ஊசி போட்டுட்டு சாப்பிடுறவர். 7:30-க்குப் பெட்டி வரலை. எட்டு மணிக்கு கஸ்டமர் கவுன்ட்டர்ல போய் நின்னேன். அவங்க தேடி, 8:40-க்கு ஒருத்தர் ட்ராலியைத் தூக்கிட்டு வந்தார். அதுவரைக்கும் அப்பா அறையில ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி என்கூட பேசலை. கப்பல்ல டாக்டர் இருக்கார், மருந்தகமும் இருக்கு, ஆனா பில் டாலர்ல. அவர் உபயோகிக்கிற அதே வகை இன்சுலின் இருக்கும்னு சொல்லவும் முடியாது. ஊசி போட்டப்புறம் அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "நீ ஆபீஸ்ல பேக்கப் எடுப்பேன்னு சொல்வியே, அது என்னடா?"

அதுல இருந்து எங்க வீட்டு முறை இது. கைப்பைக்குள்ள இன்னொரு சின்னப் பை, தோள்ல மாட்டுற மாதிரி. ட்ராலியை யார் எங்க கேட்டாலும், இந்தப் பையை உருவிட்டு ட்ராலியைக் கொடுத்துடலாம். அதுக்குள்ள பாஸ்போர்ட், கப்பலோட போர்டிங் பேப்பர், மருந்து, போன், பவர் பேங்க், கண்ணாடி, ஒரு செட் உள்ளாடை. மருந்தையே ரெண்டா பிரிச்சு, பாதி அம்மாவோட ஹேண்ட்பேக்ல. ஒரு சர்வர் போனா இன்னொண்ணு ஓடும்.

பெரிய பெட்டி விமானத்துலயே தொலைஞ்சா? சாதாரண ட்ரிப்பா இருந்தா மறுநாள் ஹோட்டலுக்கு அனுப்பிடுவாங்க. குரூஸ்ல ஹோட்டலே நகர்ந்து போயிட்டிருக்கும். அடுத்த துறைமுகம் பினாங்கு, அதுக்கடுத்தது புக்கெட், நீங்க எங்க இருப்பீங்கன்னு ஏர்லைனுக்கு எப்படித் தெரியும்? அதனால பெல்ட்ல பெட்டி வரலைன்னா விமான நிலையத்தை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே புகார் பதிவு பண்ணி எண் வாங்குங்க. கப்பல் பேர், அறை எண், எந்தத் தேதியில எந்தத் துறைமுகம்னு எழுதிக் கொடுங்க. ரசீதுகளைப் பத்திரமா வைங்க. சர்வதேச விமானத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, இந்தியாவும் அதுல உண்டு. பெட்டி தாமதமானா, அது கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல கேட்கணும். உடைஞ்சிருந்தா 7 நாள்தான். மூணு ராத்திரி குரூஸ்ல பெட்டி உங்களைத் துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள ட்ரிப் முடிஞ்சிடும், அதையும் சொல்லிடுறேன். முடிஞ்சா ஒரு நாள் முன்னாடியே போய் ஒரு ராத்திரி தங்குங்க. ராத்திரி கிளம்பி காலையில இறங்கி மதியம் ஏறுற திட்டம் பணத்தை மிச்சம் பண்ணும், ஆனா விமானம் நாலஞ்சு மணி நேரம் லேட்டானா கப்பல் நிக்காது.

நாலு பேரா போறவங்க ஒரு வேலை பண்ணலாம். ஆளுக்கொரு பெட்டின்னு வைக்காம, ஒவ்வொருத்தரோட ஒரு நாள் துணியை இன்னொருத்தர் பெட்டியில மாத்தி வைங்க. ஒரு பெட்டி காணாம போனாலும் யாரும் மூணு நாளும் ஒரே டிரஸ்ல சுத்த வேண்டாம்.

அடுத்தது, விமானத்துல போகலாம் ஆனா கப்பல்ல கூடாதுங்கற பொருட்கள். அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர். நம்ம அம்மாக்கள் மூணையும் கொண்டு வருவாங்க. செக்-இன்ல விமானம் ஒண்ணும் சொல்லாது. கப்பல் எக்ஸ்ரேவுல பிடிச்சு, பெட்டியையே நிறுத்தி வச்சுடுவாங்க. நீங்க போய் அவங்க முன்னாடி திறந்து காட்டணும். அடிக்கடி குரூஸ் போறவங்க அந்த அறையைக் கிண்டலா "நாட்டி ரூம்"னு சொல்வாங்க, சேட்டை பண்ண பசங்களை நிக்க வைக்கிற இடம். காரணம் சிம்பிள், நடுக்கடல்ல தீயணைப்பு வண்டி வராது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயம்தான் எனக்கு சுவாரசியமா இருந்தது, நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு பயன். வீட்டுல வர்ற கரன்ட்ல ஒரு கம்பி நியூட்ரல், அதை எங்கேயோ பூமியில இணைச்சிருப்பாங்க. நிறைய கப்பல்கள்ல அப்படி இல்லை. கப்பலோட இரும்பு உடம்போட எந்தக் கம்பியையும் இணைக்காம வச்சிருப்பாங்க, எங்கேயாவது ஒரு இடத்துல கம்பி உரசினாலும் மின்சாரம் மொத்தமா நின்னுடக் கூடாதுன்னு. அதனால பிளக்கோட ரெண்டு பின்லயும் வோல்டேஜ் இருக்கலாம். நம்ம சர்ஜ் புரொடெக்டர் எர்த்துக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு பாதுகாப்புப் பொருளை வச்சிருக்கும், அது ஒரு பக்கம் நியூட்ரல்னு நம்பி வடிவமைச்சது. கப்பல்ல அந்த நம்பிக்கை தப்பாகி, சூடாகி எரிய வாய்ப்பிருக்கு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லயே இதுக்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கு. சர்ஜ் வேண்டாம், எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். நாலு யூஎஸ்பி துளை இருக்கிற ஒரு சார்ஜர் போதும், நம்ம ரெண்டு உருண்டை பின் சார்ஜர் கப்பலோட ஐரோப்பிய சாக்கெட்ல பொருந்தும்.

சாப்பாடு. இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு விதி கொஞ்சம் கொடூரம். மிளகாய்ப்பொடியும் மசாலாப்பொடியும் கைப்பையில கூடாது, பெரிய பெட்டியில போகலாம். ஊறுகாயும் பெரிய பெட்டிக்குத்தான். சர்வதேச விமானத்துல நெய், தயிர், சட்னி, ஜெல் எல்லாமே திரவம்தான். ஒரு டப்பா 100 மில்லிக்குள்ள, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கண்ணாடிப் பைக்குள்ள. 200 மில்லி பாட்டில்ல பாதிதான் எண்ணெய் இருக்குன்னு வாதாடாதீங்க, அவங்க பாட்டிலைத்தான் பார்ப்பாங்க. உள்நாட்டு விமானத்துல இதை இவ்வளவு கறாரா பார்க்கிறதில்லை. அதனாலதான் பெங்களூர் போய் வந்த பழக்கத்துல சிங்கப்பூர் போறவங்க மாட்டுவாங்க.

தேங்காய்னு சொன்னா சிரிப்பீங்க. எங்க அம்மா கிளம்பற அன்னிக்கு மணக்குள விநாயகர் கோயில்ல உடைச்ச மூடியை ஹேண்ட்பேக்ல வச்சிருந்தாங்க. கைப்பையில தேங்காய்க்கு அனுமதி இல்லை. 2024-25 சபரிமலை சீசன்ல, ஜனவரி 20 வரைக்கும் இருமுடிக்கு மட்டும்னு தனியா விலக்கு கொடுத்தாங்க, அந்த அளவுக்கு இது நிஜமான விதி. காய்ஞ்ச கொப்பரை எந்தப் பெட்டியிலயும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாவே சூடேறித் தீப்பிடிக்கிற பொருட்கள் பட்டியல்ல அதுக்கு ஐநா எண்ணே இருக்கு, 1363. எங்க மூடி செக்யூரிட்டி தட்டுல போச்சு. அம்மா "பிள்ளையாருக்கே திரும்பிப் போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு நடந்தாங்க. கப்பலுக்குள்ள வீட்டுச் சமையலை விடுறதில்லை. சீல் பிரிக்காத முறுக்கு, மிக்சர் பாக்கெட் பரவாயில்லை.

அப்புறம் புதுச்சேரின்னா நண்பர்கள் கேட்கிற கேள்வி. "ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வரட்டா மச்சி?" வேண்டாம் மச்சி. சென்னை விமான நிலையத்துக்கு ரோட்டுல போறப்போ தமிழ்நாட்டு எல்லையில நம்ம ஊர் பாட்டிலோட மாட்டினா, விமானத்தைப் பத்தியே யோசிக்க வேண்டியிருக்காது. அதைத் தாண்டினாலும் கப்பல்ல வாங்கிக்குவாங்க. சில கப்பல்கள்ல ஏறுற அன்னிக்கு ஆளுக்கு ஒரு வைன் பாட்டிலுக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். வேப் வச்சிருக்கிறவங்க வீட்டுலயே விட்டுட்டு வாங்க. சிங்கப்பூர்ல அதை வச்சிருக்கிறதே குற்றம், இந்தியாவுலயும் விக்கிறது 2019-ல இருந்து தடை. சூயிங்கம்மும் அப்படித்தான், உள்ளே கொண்டுபோகக் கூடாது.

சின்னதா ஒண்ணு. கப்பல் கம்பெனி மெயில்ல அறை எண் போட்ட லக்கேஜ் சீட்டு வரும். அதை வீட்டுலயே கட்டிடாதீங்க. விமான பெல்ட்ல பேப்பர் சீட்டு கிழிஞ்சு போயிடும். பிரிண்ட் எடுத்து தோள் பையில வச்சுக்கோங்க, ஒரு சின்ன ஸ்டேப்ளரோட, குரூஸ் டெர்மினல் வாசல்ல குத்திக்கலாம்.

கடைசி ராத்திரி இன்னொரு கூத்து. பெரிய பெட்டியை நள்ளிரவுக்கு முன்னாடி அறை வாசல்ல வெளியே வைக்கச் சொல்வாங்க, அவங்க எடுத்துட்டுப் போய் மறுநாள் கரையில அடுக்கி வைப்பாங்க. மறுபடியும் ஒரு ராத்திரி உங்க கையில சின்னப் பைதான். இந்தத் தடவை நான் ரொம்ப கவனமா இருந்தேன். மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க், எல்லாம் தோள் பையில. அப்பா தன் பெட்டியைத் தானே கட்டி, 11 மணிக்கே வெளியே வச்சுட்டார். காலையில ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறோம், அவருக்கு இருக்கிறது மேல ஒரு பனியன், இடுப்புல ஒரு லுங்கி. பேன்ட் சட்டை எல்லாம் பெட்டியோட கீழே போயிடுச்சு. என் டி-ஷர்ட் ஒண்ணை மாட்டிகிட்டு, அந்தக் கட்டம் போட்ட லுங்கியோடயே சிங்கப்பூர் இமிக்ரேஷன் வரிசையில நின்னார். அதிகாரி ஒரு தமிழர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார், "பாண்டிச்சேரியா சார்?"ன்னு கேட்டுட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சிங்கப்பூர் விசா எத்தனை தடவை நுழைய அனுமதி தரணும்ங்கற குழப்பம் தனிக் கதை. கப்பல் வெளியே போய்த் திரும்பறதால அது ரெண்டாவது நுழைவு. அதை அடுத்த வாரம் பேசலாம்.